6 நிமிஷம், 3 லுக், நகராத ஒரு கீ லைட்: ஒரு போர்ட்ரெய்ட் ஷூட் பதிவு

போன வாரம் ஒரு மேகசினுக்காக ஒரு சர்ஜனை போர்ட்ரெய்ட் எடுத்தேன். ரெண்டு ஆபரேஷனுக்கு நடுவுல 10 நிமிஷம் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க, கடைசில கிடைச்சது 6. அந்த 6 நிமிஷத்துல மூணு வேற வேற லுக் எடுத்து முடிச்சோம், அதுல ஒரு தடவை கூட கீ லைட் (முகத்துல விழற முக்கிய லைட்) ஸ்டாண்டை நகர்த்தல. அது எப்படி நடந்துச்சு, எங்க சறுக்குச்சுன்னு மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சுடறேன், இதே மாதிரி குறைஞ்ச நேரத்துல மாட்டிக்கிற யாருக்காவது பயன்படும்.

முதல்ல ஒரு பழைய கதை. சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஷூட்ல 12 நிமிஷம் கிடைச்சுது, மூணு செட்டப் பிளான் பண்ணியிருந்தேன், ஒவ்வொரு செட்டப்புக்கும் லைட்டைத் தூக்கி வேற இடத்துல வச்சு, பவர் மாத்தி, டெஸ்ட் ஃப்ரேம் எடுத்து, மறுபடி மாத்தின்னு பாதி நேரம் லைட்டுக்கே போயிடுச்சு. உக்காந்திருந்தவரு பாவம் சும்மா என் முதுகைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு கண்ணாடி வேற போட்டிருந்தாரு, அத்தனை ஃப்ரேம்லயும் ரெண்டு லென்ஸ்லயும் சாஃப்ட்பாக்ஸ் (லைட்டை மென்மையாக்கற துணிப் பெட்டி) வெள்ளையா பளிச்சுன்னு, கண்ணே தெரியல. ரீடச் பண்ணவே ரெண்டு நாள் ஆச்சு, அப்பவும் கண்ணு பொம்மைக் கண்ணு மாதிரிதான் இருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், ஆள் ரூமுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் லைட்டைப் பத்தி நான் யோசிக்கவே கூடாது. லைட்டைப் பத்தி யோசிக்க வேண்டியது எல்லாம் காலி ஸ்டூலோட முடிஞ்சிடணும்.

போர்ட்ரெய்ட் ஃபோட்டோகிராஃபர் யூசுஃப் கார்ஷ் 1941 டிசம்பர் 30 அன்னிக்கு ஒட்டாவால கனடா பார்லிமென்ட் ஸ்பீக்கர் அறையில சர்ச்சிலை எடுத்த படம் எல்லாருக்கும் தெரியும். சர்ச்சில் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கின கதையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அதை விட முக்கியமாப் படுறது, சர்ச்சில் உள்ள வர்றப்போ லைட் எல்லாம் ஏற்கனவே ரெடியா நின்னுச்சுங்கறதுதான். கொஞ்ச நிமிஷம்தான் கிடைச்சுது, அதுல ஸ்டாண்டை நகர்த்திக்கிட்டு இருந்திருந்தா சுருட்டைப் பிடுங்கணும்னு தோணவே தோணியிருக்காது.

சரி, இந்த ஷூட்டுக்கு வருவோம். மேகசின்காரங்க கேட்டது மூணு. ஒண்ணு முழுப்பக்கத்துக்கு செங்குத்தா ஒரு போர்ட்ரெய்ட். ரெண்டாவது ரெண்டு பக்கம் பரப்பி வைக்க அகலமா ஒண்ணு, அதுல ஒரு பக்கம் தலைப்பு போட காலி இடம் வேணும், முகம் நடு மடிப்புல விழக்கூடாது. மூணாவது உள்பக்கத்துக்கு கொஞ்சம் இருட்டா, மூடா, க்ளோஸா ஒண்ணு. மூணும் ஒரே ஆள், ஒரே டிரஸ், ஒரே ரூம், ஆனா பாக்க ஒரே மாதிரி இருக்கக்கூடாது.

ரூம் ஒரு மீட்டிங் ரூம். முந்தின நாளே ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கூடவே அளவும் கேட்டு வாங்கிட்டேன் (இதைக் கேக்க நிறைய பேர் கூச்சப்படறாங்க, கேட்டா எல்லாரும் சந்தோஷமாத்தான் அளந்து சொல்றாங்க). சுமார் 4 மீட்டருக்கு 5 மீட்டர், சீலிங் வெறும் 2.4 மீட்டர், நாலுல மூணு சுவர் வெள்ளை, இடது பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு, மேல எல்இடி பேனல். டேபிளை நகர்த்த முடியும்னாங்க, அது பெரிய நிம்மதி. டாக்டர் கண்ணாடி போடறவங்க, உயரம் 5 அடி. இவ்வளவும் தெரிஞ்சதும் பேப்பர்ல படம் போட்டுப் பாத்தேன்.

சீலிங்தான் முதல் சிக்கல். எனக்குப் பிடிச்ச 120 செ.மீ ஆக்டாவை (எட்டுப் பக்க சாஃப்ட்பாக்ஸ்) சீலிங்கை முட்டற அளவு தூக்கினாலும் அதோட கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டர்ல நிக்கும். 45 செ.மீ ஸ்டூல்ல உக்காந்தா டாக்டர் கண்ணு 1.15 மீட்டர் பக்கம் வரும். அதாவது சாஃப்ட்பாக்ஸோட கீழ் விளிம்பு கிட்டத்தட்ட கண்ணாடிக்கு நேரா, போன தடவை மாதிரியே லென்ஸ்ல விழும். லைட்டு எந்தக் கோணத்துல போய் மோதுதோ அதே கோணத்துல திரும்பும், அவ்வளவுதான் விஷயம், கேமரா அந்தத் திரும்பற வழியில நிக்காம பாத்துக்கணும். அதனால பெரிய ஆக்டாவை வீட்டுலயே விட்டுட்டு 60க்கு 90 சாஃப்ட்பாக்ஸை படுக்கை வசத்துல மாட்டினேன். உயரம் 60 தான்கறதால நடு சென்டரை 1.9 மீட்டருக்கு ஏத்த முடிஞ்சுது, கீழ் விளிம்பு கண்ணுக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர் மேல போயிடுச்சு, கூடவே கேமராவுக்கு இடது பக்கம் 45 டிகிரி தள்ளி வச்சேன். நிக்க வைக்காம உக்கார வச்சதுக்கும் இதுதான் காரணம், சீலிங்கை உசத்த முடியாது ஆனா ஆளைத் தாழ்த்த முடியும்.

இப்ப மூணு லுக் எப்படின்னா, லைட்டை நகர்த்தறதுக்குப் பதிலா சுவரை மாத்தறது, கேமராவை மாத்தறதுன்னு முடிவு பண்ணேன். ஸ்டூல் பின் சுவர்லருந்து 1.8 மீட்டர் தள்ளி. கீ லைட் முகத்துலருந்து 1.2 மீட்டர், சுவருக்கு அது கிட்டத்தட்ட 3 மீட்டர். தூரம் ரெண்டரை மடங்கு ஆனா வெளிச்சம் 6-ல ஒரு பங்காயிடும், ரெண்டரை ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்ல பாதி) மேல இறங்கிடும், அதனால வெள்ளைச் சுவர் அழகான நடுத்தர கிரேவா விழும். இது லுக் ஒண்ணு. ஸ்டூலுக்குப் பின்னாடி முழங்கால் உயரத்துல ஒரு சின்ன ஸ்பீட்லைட் ஃப்ளாஷை சுவரைப் பாத்து வச்சு, டிரிகர்ல (ஃப்ளாஷை கேமராவுலருந்து எரிய வைக்கற ரிமோட்) அதை பி குரூப்ல போட்டேன், கீ லைட் ஏ குரூப். டிரிகர்ல பி-யை ஆன் பண்ணா அதே சுவர் வெள்ளையாயிடும், ஓரத்துல டிசைனர் இஷ்டத்துக்கு நீட்டிக்கலாம், தலைப்பு போடலாம். இது லுக் ரெண்டு. ரொம்ப ஏத்தக்கூடாது, முகத்தை விட ஒரு ஸ்டாப் மேல இருந்தா போதும், அதுக்கு மேல போனா சுவர் வெளிச்சம் திரும்பி வந்து கன்னத்தோட ஓரத்தைக் கரைச்சிடும்.

லுக் மூணுக்கு பி ஆஃப், நான் கேமராவோட 45 டிகிரி வலது பக்கம் நகர்றேன், டாக்டர் ஸ்டூல்லயே என் பக்கம் திரும்பறாங்க. இப்ப அதே கீ லைட் முகத்துக்கு நேர் பக்கவாட்டுல வந்துடுது, பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். பின்னாடி தெரியற இடது மூலையில ரெண்டு ஸ்டாண்ட் நட்டு கறுப்புத் துணி கட்டியாச்சு, கண்ணாடித் தடுப்புல தெரியற எங்க பிம்பத்தையும் அதே துணி மறைச்சிடுச்சு.

தம்பி (என் அசிஸ்டென்ட், 6 அடி இருப்பான்) கூட 45 நிமிஷத்துல செட்டப் முடிச்சோம். முதல் வேலை கறுப்பு ஃப்ரேம். ஃப்ளாஷ் எல்லாம் ஆஃப், கேமரா செட்டிங் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, ஷட்டர் 1/200, கிளிக். முழுக்கக் கறுப்பா வந்துச்சு. அப்படின்னா ரூம்ல எரியற எல்இடி படத்துக்குள்ள வரவே இல்ல, அதோட கலர், பச்சைச் சாயல், ஃப்ளிக்கர் எதைப் பத்தியும் கவலைப்பட வேண்டாம், ஃப்ளாஷோட கலர் மட்டும்தான், வொயிட் பேலன்ஸை (படத்தோட கலர் சமன்) 5500 கெல்வின்ல ஃபிக்ஸ் பண்ணி ஒரு கிரே கார்டு (கலரைச் சரிபார்க்கற சாம்பல் அட்டை) ஃப்ரேம் எடுத்து முடிச்சாச்சு. இந்த ஒரு ஃப்ரேம் 10 செகண்டு கூட ஆகாது, ஆனா இதை எடுக்காம விட்டு அப்புறம் சருமம் ஒரு பக்கம் பச்சையடிச்சு வந்து திருத்தினதெல்லாம் இருக்கு, அதனால எவ்ளோ அவசரம்னாலும் இதை நான் விடறதில்ல.

அடுத்து நூல். சாஃப்ட்பாக்ஸ் விளிம்புல 1.2 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். ஆள் வந்து உக்காந்ததும் நூலை இழுத்து தாடை வரைக்கும் வருதான்னு பாத்துட்டா போதும், டெஸ்ட்ல வச்ச எக்ஸ்போஷர் (படத்துல விழற வெளிச்ச அளவு) அப்படியே நிக்கும், லைட் மீட்டர் எடுத்துக்கிட்டு முகத்துக்கு முன்னாடி நீட்ட வேண்டாம். கிட்ட இருக்கற லைட்டுக்கு தூரம் ரொம்ப முக்கியம், 1.2 மீட்டர்ல இருக்கறவங்க 20 செ.மீ முன்னாடி சாஞ்சாலே அரை ஸ்டாப்புக்கு மேல ஏறிடும்.

தம்பியை ஸ்டூல்ல உக்கார வச்சு டெஸ்ட். அவன் கண்ணாடி போடமாட்டான், அதுதான் போன தடவை மாட்டினதுக்குக் காரணமே, டெஸ்ட்ல எல்லாம் நல்லா இருந்துச்சு, ஆள் வந்து உக்காந்ததும்தான் தெரிஞ்சுது. அதனால இப்ப என் பழைய கண்ணாடி ஒண்ணு எப்பவும் பேக்லயே கிடக்கு. அவனுக்கு மாட்டி, கொஞ்சம் குனிஞ்சு உயரத்தைக் குறைச்சுக்கோடான்னு சொல்லி, டாக்டர் உயரத்துக்குக் கொண்டு வந்து பாத்தேன். இடது லென்ஸ் மேல் மூலையில மட்டும் ஒரு சின்ன வெளிச்சக் கீத்து. கண்ணாடிக் காம்பைக் காதுலருந்து கால் இஞ்ச் மேல தூக்கினா லென்ஸ் கொஞ்சம் கீழ பாக்கும், அந்தக் கீத்து போயிடுது. நேரா பாத்தா காம்பு தூக்கினது தெரியாது, முடி மறைச்சுக்கும்.

இன்னொரு விஷயம், வெள்ளைச் சுவர் ரூம்ல நிழல்னு ஒண்ணு வரவே வராது, லைட் எல்லாப் பக்கமும் அடிச்சுத் திரும்பி நிழல் பக்கத்தை ரொப்பிடும், முகம் தட்டையா அப்பளம் மாதிரி ஆயிடும். வலது பக்கம் ஒரு பெரிய கறுப்பு ஃபோம் போர்டை முகத்துக்கு அரை மீட்டர்ல நிறுத்தினதும் கன்னத்துக்கு எலும்பு வந்துச்சு. லைட் சேக்கறதை விட லைட்டை எடுக்கறது இந்த மாதிரி ரூம்ல அதிகம் வேலை செய்யுது, இதை நான் புரிஞ்சுக்கவே ரொம்ப நாளாச்சு. கீ லைட் முழு பவர்ல 1/8. ரீசைக்கிள் (அடுத்த ஃப்ளாஷுக்கு சார்ஜ் ஏறறது) உடனே ஆயிடும், அவங்க சிரிக்கற நேரத்துல ஃப்ளாஷ் ரெடியாகலங்கற பேச்சே இருக்காது.

தரையில ஸ்டூல் கால் நாலுக்கும் டேப், என் கேமரா இடம் ரெண்டுக்கும் டேப், ஸ்டாண்ட் காலுக்கு சாண்ட்பேக். ஒரு அட்டையில மூணு லுக்கும் பெருசா எழுதி லைட் ஸ்டாண்ட்ல ஒட்டியாச்சு, ஒண்ணு ஏ மட்டும் கேமரா செங்குத்து, ரெண்டு ஏ பி அகலம் ஆள் வலது ஓரம், மூணு ஏ மட்டும் கேமரா இடம் மாத்து. பதட்டத்துல நம்ம மூளையை நம்பக்கூடாது, அட்டையை நம்பலாம்.

அப்புறம் காத்திருப்பு. ஆபரேஷன் நீண்டுடுச்சு, 50 நிமிஷம் ஆச்சு. அந்த நேரத்துல நான் அவங்க முன்னாடி குடுத்திருந்த ஒரு பேட்டியை மறுபடி படிச்சேன். அதுல, படிக்கற காலத்துல கைக்குக் கிடைச்ச நூல்ல எல்லாம் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகினதா சொல்லியிருந்தாங்க. அதைப் பத்திக் கேக்கலாம்னு மனசுல வச்சுக்கிட்டேன்.

டாக்டர் வந்தாங்க, வந்ததுமே "ஆறு நிமிஷம்தான்மா, அடுத்த பேஷன்ட்டுக்கு மயக்க மருந்து குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க"ன்னாங்க. "போதும் டாக்டர், நீங்க உக்காருங்க மட்டும்"னேன். தம்பி ஃபோன்ல ரெண்டு ரெண்டு நிமிஷத்துக்கு டைமர் வச்சிட்டான். முகத்துல தொப்பி போட்ட தடம் நெத்தியில லேசா இருந்துச்சு, ஒரு பிளாட்டிங் பேப்பர் குடுத்து மூக்கு நெத்தி ஒத்தி எடுக்கச் சொன்னேன், தடத்தை அப்படியே விட்டுட்டேன், அது அவங்க அன்னிக்கு நின்ன வேலையோட தடம். நூலை இழுத்துப் பாத்தேன், "ஒரு கை அளவு பின்னாடி டாக்டர்", அவ்வளவுதான், முதல் ஃப்ரேமே எக்ஸ்போஷர் சரி. காம்பைத் தூக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத்தான் தொட்டேன், அவங்களே தூக்கிக்கிட்டாங்க.

லுக் ஒண்ணு 1 நிமிஷம் 50 செகண்டுல முடிஞ்சுது. "அக்கா, ரெண்டு"ன்னான் தம்பி. பி ஆன் பண்ணேன், கிளிக், சுவர் கிரே. மறுபடி கிளிக், கிரே. எனக்கு வயித்துல கபக்குன்னுச்சு. டிரிகரா, சேனலா, பேட்டரியான்னு ஒரு செகண்டு மண்டை சுத்துச்சு, அப்புறம்தான் உறைச்சுது, 50 நிமிஷம் சும்மா கிடந்ததுல ஸ்பீட்லைட் தானா ஆஃப் ஆயிருக்கு. கீ லைட்ல ஆட்டோ ஆஃபை எடுத்து வச்சிருந்தேன், பின்னாடி இருந்த சின்னதுல மறந்துட்டேன். தம்பி ஸ்டூலுக்குப் பின்னாடி தவழ்ந்து போய் பட்டனை அமுக்கிட்டு வந்தான், 30, 40 செகண்டு போச்சு. அந்த நேரம் டாக்டரை சும்மா விடாம நான் கேமராவை இறக்கிட்டு அந்த முடிச்சு விஷயத்தைக் கேட்டேன். முகம் அப்படியே மாறிடுச்சு. அதுவரைக்கும் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருந்தவங்க தோளை விட்டுட்டு, "ஒத்தக் கையாலயே போடுவேன், கண்ணை மூடிக்கிட்டும் போடுவேன்"னு சொன்னாங்க. லுக் ரெண்டு அந்தத் தோளோட, அந்தச் சிரிப்போட எடுத்தது. மூணு ஃப்ரேம்ல பேசறப்போ தலை ஆடி இடது லென்ஸ்ல அந்தக் கீத்து வந்திருக்கு, மத்ததெல்லாம் சுத்தம்.

லுக் மூணுக்கு நான் டேப் போட்ட இடத்துக்கு நகர்ந்தேன், தம்பி ஃபோம் போர்டை எடுத்துட்டு ஒதுங்கினான். அப்பதான் தோணுச்சு, "தம்பி, அந்த நூலைக் கழட்டிக் குடு"ன்னேன். ஸ்டூல் இடம் மாறல, இனிமே அது அளக்கத் தேவையில்ல. டாக்டர் கையில குடுத்ததும் கேக்கவே இல்ல, இடது கையில ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு வலது கை விரல் மூணே மூணால சரசரன்னு முடிச்சு விழுது, முதல் சுத்து ரெண்டு தடவை முறுக்கி, அப்பதான் அடுத்த சுத்து போடறதுக்குள்ள தளராதாம். பக்கவாட்டு வெளிச்சத்துல அந்த விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது. முதல் ரெண்டு ஃப்ரேம்ல கை வெளுத்துப் போச்சு. நூலை லைட் பக்கம் உசத்திப் பிடிச்சதுல கை 85 செ.மீ தூரத்துக்கு வந்திருக்கு, முகம் 1.2 மீட்டர்ல, சரியா ஒரு ஸ்டாப் வித்தியாசம். பவரைக் குறைச்சா முகம் போயிடும். "முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கோங்க டாக்டர்"னதும் கை பின்னாடி இறங்கி முகத்தோட தூரத்துக்கே வந்துடுச்சு, மூணாவது ஃப்ரேம்லருந்து ரெண்டும் சரி. வெளிச்சத்தைச் சரி பண்ண லைட் கிட்டயே போக வேண்டியதில்ல, பல நேரம் ஆளை ஒரு ஜாண் நகர்த்தினா போதும்.

5 நிமிஷம் 50 செகண்டுல தம்பி கையைத் தூக்கினான். மொத்தம் 71 ஃப்ரேம். மெமரி கார்டு ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஏறிக்கிட்டு இருந்துச்சு, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு பேக் பண்ணிட்டோம்.

அடுத்த தடவைக்கு மாத்த வேண்டியது. எல்லா ஃப்ளாஷ்லயும் ஆட்டோ ஆஃபை எடுக்கறது அட்டையில முதல் வரியா ஏறிடுச்சு, காத்திருக்கறப்போ 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை மூணு லுக்லயும் ஒவ்வொரு டெஸ்ட் ஃப்ரேம் எடுக்கறதும். கண்ணாடிக் கீத்துக்கு போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கற ஃபில்டர்) போடலாமேன்னு தம்பி கேட்டான், போட்டுப் பாத்திருக்கேன்டா, ஒண்ணரை ஸ்டாப் தின்னுடும், இந்தக் கோணத்துல அவ்வளவா குறைக்கவும் குறைக்காது. அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை உக்காந்து என் பழைய கண்ணாடியை ஒரு பெரிய பந்து மேல மாட்டி, சாஃப்ட்பாக்ஸை 10 செ.மீ 10 செ.மீயா ஏத்தி, எந்த உயரத்துல கீத்து வருது போகுதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். தலை நேரா இருக்கறப்போ இப்ப வச்ச உயரம் போதும், அஞ்சாறு டிகிரி மேல நிமிர்ந்தா போதாது. அதனால பேசறவங்களை எடுக்கறப்போ சாஃப்ட்பாக்ஸை இன்னும் 15 டிகிரி பக்கவாட்டுல தள்ளணும், அதையும் டேப்புல இன்னொரு குறியா போட்டுக்கணும்.

நூலை டாக்டர் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போனாங்க. நடுவுல பதினோரு முடிச்சு, வரிசையா, ஒரே அளவுல. அளந்து பாத்தா 1.2 மீட்டர் இருந்த நூல் இப்ப 1.08 தான் இருக்கு. சாஃப்ட்பாக்ஸுக்குப் புதுசா ஒண்ணு வெட்டிக் கட்டிட்டேன், அந்தப் பழசை அவிழ்க்கல.